செல்லாத சம்மதம்

கிறீச்...! டமால்!

அறுவடைத் திருநாள் காலை. அன்டோங் நகரச் சந்தை முனையில் டோஃபு என்ற சோயாக் கட்டி விற்றுக்கொண்டிருந்த அம்மாள் தள்ளுவண்டியோடு தூக்கி எறியப்பட்டாள். ஆஸ்பத்திரி வந்து சேரும்முன் உயிர் போய்விட்டது.

மோதிய காரை ஓட்டியவன் உஹ்யோன். நம்குங் வம்சத்தின் ஒரே வாரிசு. அவசரப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தான்.

வெளியே, காலையில் முன்னோர் சடங்குக்கு உடுத்திய அங்கியைக்கூடக் கழற்றாமல் விறைப்பாக நின்றார் அவனுடைய அப்பா, நம்குங் பெரியவர்.

டிடெக்டிவ் பியோ ஒரு தாளை நீட்டினார்.

"ஐயா, உங்க மகன் குடிச்சிருந்தாரான்னு பார்க்க ரத்தம் எடுக்கணும். அவருக்கு நினைவில்ல... நீங்க சம்மதிக்கணும்."

"குடியா?" பெரியவரின் வெண்தாடி துடித்தது. "தம்பி, எங்க குடும்பத்துல சாராயக் கடை வாசப்படி மிதிச்சவன் கிடையாது!"

"அப்ப தைரியமா கையெழுத்துப் போடுங்க."

"எடு பேனாவை!"

போட்டார்.

மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். செத்தவளின் கணவர். இடுப்பு வளையக் குனிந்தார்.

"மகன்னு பார்க்காம உண்மை பக்கம் நின்னீங்க... நன்றிங்க ஐயா."

பெரியவரின் தலை இன்னும் நிமிர்ந்தது.

மூன்றாம் நாள் முடிவு வந்தது.

ரத்தத்தில் மது!

"பொய்!" என்று அலறினார் பெரியவர்.

எதிரே உட்கார்ந்திருந்தாள் வக்கீல் ஹா-யங். அவருடைய தங்கை மகள்.

"மாமா... அன்னிக்கு முன்னோர் சடங்கு முடிஞ்சதும் படையல் மதுவை யார் ஊத்தினது?"

"நான்தான். அது குடியா? முன்னோர் ஆசீர்வாதம்!"

"ரத்தத்துக்கு அது தெரியாதே, மாமா!"

பெரியவருக்குச் சுருக்கென்றது.

'அப்பா, நான் வண்டி ஓட்டணும்...'

'முன்னோரைவிட வண்டி பெருசாடா? குடி!'

மூன்றாவது கிண்ணத்தையும் மகனின் வாயருகே கொண்டுபோனது இவர் கைதான்!

வாழ்க்கையில் முதல்முறையாகப் பெரியவர் தரையைப் பார்த்தார்.

ஹா-யங் சிரித்தாள். "கவலைய விடுங்க. நினைவில்லாதவனுக்காக அப்பா சம்மதிச்சா சட்டத்துல செல்லாது. ரத்தம் எடுத்த கையோட ஜட்ஜ்கிட்ட வாரண்ட் வாங்கியிருக்கணும். பியோ உங்க கையெழுத்தை நம்பி சும்மா இருந்துட்டாரு. அந்த ரிசல்ட் இனி குப்பை!"

"அப்ப... என் கையெழுத்துதான் அவனைக் காப்பாத்துதா?"

"ஆமா! சடங்குல நீங்களும் அவனும் மட்டும்தான் இருந்தீங்க. நேத்து கண்ணு முழிச்ச உஹ்யோனும், அப்பாவைக் காட்டிக்கொடுக்க மாட்டேங்கறான். நீங்க வாயைத் திறக்காதீங்க... போதும்."

நன்றி சொல்லக் குனிந்த அந்தக் கணவரின் முதுகு பெரியவரின் கண்ணில் வந்து நின்றது.

மறுநாள் காலை. பியோவின் மேஜைமேல் ணங்கென்று விழுந்தது ஒரு பித்தளைக் கிண்ணம்.

"அளந்துக்க, தம்பி. மூணு தடவை, விளிம்பு வரைக்கும். வேண்டாம் வேண்டாம்னான். ஊத்தினது நான்!"

பியோ திகைத்தார். "ஐயா, அன்னிக்குப் போட்ட கையெழுத்தே செல்லாதுன்னு உங்க வக்கீல் சொல்லிட்டாங்க. மகனுக்கு எதிரா நீங்க சாட்சி சொல்லியே ஆகணும்னு சட்டத்துல இல்ல."

"எனக்கு எதிராவும் சேர்த்துத்தான் சொல்றேன். எழுதிக்க." கிண்ணத்தை முன்னே தள்ளினார். "வம்ச மானம்னு வாய் கிழிய பேசினேன். ஒரு பொம்பளைய நானே கொன்னிருக்கேன்... விடிஞ்சதும் முன்னோர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் கிளம்பினேன்."

பியோ மரியாதையாக இரு கையாலும் கிண்ணத்தை எடுத்தார்.

சட்டென்று கை நின்றது.

உள்ளே ஈரம்!

முகர்ந்தார்.

"மன்னிப்பு... வெறும் வாயாலயா கேட்டீங்க?"

"படைக்காம எப்படிக் கேக்கறது? ஒரு கிண்ணம் வெச்சு..."

"வெச்சதை?"

பெரியவர் வெண்தாடியைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்டுலேர்ந்து எப்படி வந்தீங்க, ஐயா?"

பெரியவரின் கை தன்னையறியாமல் அங்கிக்குள் போனது. கார் சாவி சிணுங்கியது.

காது மடல்வரை சிவந்து போனார்.

பியோ மெல்ல இழுப்பறையைத் திறந்து மூச்சுச் சோதனைக் கருவியை எடுத்து நீட்டினார்.

"ஊதுங்க, ஐயா! இந்தத் தடவை உங்க சம்மதம் சட்டப்படி செல்லும்!"