பாறைக்குள் குறைந்த வாயு

1997, பிப்ரவரி 18. காலை 9.20.

மைசூருக்கு வெளியே, கம்பி வேலிக்குள், வால்வுக் குழியில் மாதப்பன் குப்புறக் கிடந்தான். உடம்பில் காயமில்லை. இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாண் கரியாய்க் கறுத்திருந்தது. டீ வாங்கித் திரும்பிய தம்பி கந்தசாமிதான் முதலில் பார்த்து அலறினான்.

அங்கே நூற்றிருபது மீட்டர் ஆழத்தில் பாறையைக் குடைந்து ஓர் அறை. அதற்குள் ஹைட்ரஜனை அடைத்துவைத்து, வேண்டும்போது எரிபொருளாக எடுக்க முடியுமா என்று ஒரு கம்பெனி சோதித்துக்கொண்டிருந்தது. டிசம்பரில் நிரப்பியபோது அழுத்தமானி நாற்பது காட்டியது. இன்று இருபத்தொன்பது.

9.50. சப்-இன்ஸ்பெக்டர் லிங்கப்பன் வந்தபோது என்ஜினியர் மஞ்சுநாத் திருடனையே தயாராக வைத்திருந்தார்.

"நோடி, பாருங்க சார், இந்தக் கந்தசாமிதான் வால்வு ஆளு. கேஸை சிலிண்டர்ல புடிச்சு மண்டி மொஹல்லா வெல்டிங் கடைக்கு வித்திருக்கான். அண்ணனும் கூட்டு."

"பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? வேற யாரு?"

கந்தசாமி கையில் விலங்கு ஏறியது. லிங்கப்பன் பெரிய வால்வைப் பார்த்தார். டிசம்பரில் வைத்த ஈய முத்திரை உடையவில்லை. மேலே சிலந்தி வலை. சோதனைக்கு வாயு மாதிரி எடுக்கும் சின்னக் குழாய் மட்டும் திறந்திருந்தது. நிரப்பிய பிறகு முதல் மாதிரியை இன்று எடுப்பது மாதப்பனின் வேலை.

10.30.

"எத்தனை சிலிண்டர் வித்தே?"

"ஒண்ணுகூட இல்லீங்க சார். எங்கண்ணன் மேல சத்தியமுங்க."

"அண்ணன் ஏதாச்சும் சொன்னானா?"

"அழுகின முட்டை வாடை அடிக்குதுடான்னாருங்க. ஊர்ல அண்ணி நேத்து என்னத்த ஆக்கிப் போட்டாங்களோன்னு கேலி பண்ணினேன். கொஞ்ச நேரத்துல வாடை போயிருச்சுன்னாரு. சரீன்னு டீக்குப் போனேனுங்க."

10.50. கொட்டகைக்குப் பின்னால் காலி பேரல்கள். உள்ளே காய்ந்த பொருக்கு. லிங்கப்பன் நகத்தால் சுரண்டினார். வைக்கோல் துணுக்குகள் உதிர்ந்தன.

11.40. கல்லூரி வேதியியல் ஆசிரியை சௌம்யா, சின்னக் குழாயிலிருந்து குடுவையில் பிடித்த வாயுவை வெயிலில் கொளுத்தினார்.

"சுத்தமான ஹைட்ரஜன் சுடர் வெயில்ல கண்ணுக்கே தெரியாது சார். இது நீலமா எரியுது. உள்ள வேற ஏதோ கலந்திருக்கு."

12.30. லிங்கப்பன் பேரலைத் தட்டினார்.

"கந்தசாமி, இது என்ன?"

"சாணியுங்க."

"இங்க மாடு ஏது?"

"நவம்பர்ல பாறை வெடிப்புல தண்ணி கசிஞ்சுதுங்க. திங்கக்கெழமைக்குள்ள அடைக்கலேன்னா மூட்டை கட்டுங்கடான்னாரு என்ஜினியர் சார். சிமெண்ட் நிக்கல. எங்க ஹனூர்ல போர் போடறப்ப வெடிப்பு வந்தா சாணியும் களிமண்ணும் கரைச்சு ஊத்துவோம். அண்ணன் வேண்டாம்னாரு. நாந்தான் ஊத்தினேன். பதினெட்டுப் பேரல். அப்புறம் ஒரு சொட்டு கசியலீங்க!" அந்தக் கண்ணீரிலும் ஒரு பெருமை.

லிங்கப்பன் சௌம்யாவிடம் தனியாக விசாரித்துவிட்டு மஞ்சுநாத்தின் பக்கம் திரும்பினார்.

"யாரும் திருடலை. முத்திரையே உடையலையே. சாணியில இருக்கிற கிருமி ரெண்டு மாசமா ஹைட்ரஜனைத் தின்னு, சாண எரிவாயு அடுப்புல எரியுமே, அந்த வாயுவா மாத்தியிருக்கு. அதான் அழுத்தம் குறைஞ்சுது, சுடர் நீலமாச்சு. கூடவே ஒரு விஷ வாயு. முதல்ல முட்டை வாடை. அப்புறம் மூக்கு மரத்துடும். வாடை போச்சுன்னு நினைப்போம். வெள்ளியைக் கறுக்க வைக்கிறதும் அதுதான். எதை வெச்சு அடைச்சாங்கன்னு நீங்க கேட்டீங்களா?"

"நான் சாணி ஊத்தச் சொல்லலையே."

அது உண்மை. எந்தக் காகிதத்திலும் அவர் கையெழுத்து இல்லை. 

லிங்கப்பன் விலங்கைக் கழற்றினார். கந்தசாமி மணிக்கட்டைத் தேய்த்தபடி நின்றான். மெல்ல விளங்கியது.

"அப்ப... அண்ணன் செத்தது அந்தச் சாணியாலயா சார்?"

லிங்கப்பன் தொப்பியைக் கழற்றினார்.

1.10. ஹனூர் பஸ்ஸில் வந்த வள்ளியாத்தாள், மாதப்பனின் மனைவி, கேட்டைத் தாண்டி ஓடி வந்துகொண்டிருந்தாள். கந்தசாமி இரண்டு கைகளையும் மறுபடி நீட்டினான்.

"நான் கேஸைத் திருடினேன்னே எழுதிக்குங்க சார். அண்ணிகிட்ட அதைச் சொல்லிக்கிறேன்."