திரும்பப் பெறும் வில்லைகள்

2094 நவம்பர் 17. முத்துக்கரைத் துறைமுகத்தில் வடகிழக்குக் காற்று மணிக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. மழை விட்டுவிட்டுப் பெய்தது.

அறுவை மருத்துவர் செண்பகவடிவு வழக்கம்போலப் பத்து மணிக்குக் கைகழுவி, அன்றைய பெயர்ப்பட்டியலைத் திறந்தாள். துறைமுக எல்லைக்குள் மூக்குக்கண்ணாடி அணிவது குற்றம். ஒற்றறியும் கருவி என்று சட்டம் அதைத் தடைசெய்து இருபதாண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே பார்வைக் குறையுள்ள ஒவ்வொருவரும் கண்ணையே திருத்திக்கொண்டாக வேண்டும். கருவிழிப்படலம் தடித்தவர்களுக்கு லேசர் உண்டு: படலத்தில் மடல் திறந்து செதுக்குவது, சிறு கீறல் வழியே மெல்லிய சதைத்தகட்டை உருவுவது, மேற்பரப்பைச் சுரண்டுவது என மூன்று முறைகள். படலம் மெலிந்தவர்களுக்குக் கண்ணுள் பதிக்கும் வில்லை. அதைக் கருவிழிக்குப் பின்னால் பொருத்துவார்கள்.

செதுக்கிய கண் அவரவர்க்கே சொந்தம். பதித்த வில்லையோ துறைமுகத்தை நடத்தும் விழி ஆணையத்தின் உடைமை. ஆணையம் கேட்டால் அது திரும்பப் போக வேண்டும்.

அன்று வில்லையைத் திருப்பித் தர வேண்டியவர்களின் பட்டியலில் முதற்பெயர் பேச்சிமுத்து. அவளுடைய தம்பி. புயற்காற்றில் கிரேன் ஓட்ட மாட்டோம் என்று வேலையை நிறுத்தியவர்களுக்குத் தலைவன்.

காவலர்கள் அவனைக் கொண்டுவந்து நாற்காலியில் இருத்திவிட்டு வெளியே சென்றார்கள்.

“வாங்க டாக்டரம்மா. கத்தியத் தீட்டியாச்சா?” என்றான்.

“வாய மூடுல. இந்த மன்னிப்புக் கடிதத்துல ஒரு கையெழுத்துப் போடு. வீட்டுக்குப் போயிரலாம்.”

“போட்டா காத்து நின்னுருமா? போன மாசம் கேபினோட விழுந்தானே அந்தோணிராசு, அவன் எந்திரிச்சு வந்துருவானா?”

“ஒனக்குப் பவர் பத்துல. வில்லைய எடுத்தா ஒரு சாணுக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியாது. ஆயுசுக்கும் திரும்ப வைக்கவோ வேற வைத்தியம் பாக்கவோ விடமாட்டானுவ.”

“ஒன் கண்ண எவன் எடுப்பான்? செதுக்குன கண்ணு. அதான் தெனாவட்டாப் பேசுத. எனக்குத்தான் படலம் மெலிசாப் போச்சு.”

அவன் இளக்காரமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பொறுக்கவில்லை. பதினோராண்டுகள் அடக்கிவைத்த சொல் வாயில் வந்துவிட்டது.

“மெலிசு இல்லல. ஐநூத்து நாப்பது மைக்ரான் இருந்துச்சு. நாந்தான் நானூத்து நாப்பதுன்னு எழுதுனேன். வில்லைக் கண்ணு இருந்தாத்தான் கிரேன் கேபின் குடுப்போம்னானுவ. நீ அதுக்குத்தான அலைஞ்ச?”

பேச்சிமுத்துவின் சிரிப்பு அறுந்தது.

“கேபினத்தான கேட்டேன்? என் கண்ண அவனுவகிட்ட அடமானம் வையின்னு எப்பக்கா சொன்னேன்?”

அவன் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்து அவள் காலடியில் போட்டான். அவள் மறுத்தால் வில்லையைப் பிடுங்க அடுத்த அறையில் இயந்திரக் கை காத்திருந்தது. அது காயத்தைப் பற்றிக் கவலைப்படாது. அதை எண்ணியே அவள் மரப்புச் சொட்டு மருந்தை எடுத்தாள்.

வலக்கண்ணின் வில்லை மடிந்து, கீறல் வழியே நழுவி வந்தது. இடக்கண்ணுக்கு அவள் குனிந்தபோது அவன் அவளது கையைத் தட்டிவிட்டான்.

“நாற்காலிய சன்னல் பக்கம் திருப்பு.”

“எதுக்குல?”

“கடைசியாப் பாத்தது ஒன் மூஞ்சியா இருக்கக் கூடாது.”

அவள் திருப்பினாள். மிஞ்சிய ஒற்றைக் கண்ணால் அவன் கரையோரம் அசைவற்று நின்ற பதினான்கு கிரேன்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒன்றில்கூட ஆள் ஏறவில்லை. பிறகு தலையைச் சாய்த்து, “எடு” என்றான்.

வேலை முடிந்ததும் அவள் நீட்டிய கையைத் தொடாமல், சுவரைத் தடவிக்கொண்டே வெளியேறினான். கதவு நிலையில் அவனுடைய தோள் மோதிய ஓசை கேட்டது, அவன் திரும்பவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம் மீதமிருந்தது. இரண்டாம் வில்லை மீட்கப்பட்ட நேரம் என்ற அந்தக் கட்டத்தில் செண்பகவடிவு இம்முறை எண்ணை மாற்றாமல் எழுதினாள்: முற்பகல் 10 மணி 47 நிமிடம்.