ஒரு சாண் அம்பாசடர்

பிணத்தின் மூக்குக்கு நேரே ஓர் அம்பாசடர் நின்றிருந்தது!

ஒரு சாண் நீள மாடல் கார். கறுப்பு நிறம். மட்கார்டில் பொன்முடிச் செம்மண். கதவின் அடியில் பிரஷ்ஷால் தீட்டிய துரு... அது பாதிதான் ஏறியிருந்தது. மீதியை ஏற்ற வேண்டிய கிருஷ்ணகுமார், ஸ்ரீவராகத்துத் தன் வீட்டில், மேஜைமேல் கன்னத்தைச் சாய்த்துச் செத்துக் கிடந்தார்.

அது திங்கட்கிழமை.

இன்று வியாழன். இன்ஸ்பெக்டர் கோலப்பன் அதே மேஜைக்கு முன்னால் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. ரிட்டையர் ஆக இன்னும் நாள் இருக்கிறது என்பது மட்டும் மறக்கவில்லை.

கான்ஸ்டபிள் ஜினு போனை அணைத்தான்.

"சாரே, மேலேந்து விளி. கிரீஷை எப்போ கோர்ட்டுல ஹாஜராக்கும்னு கேக்குது."

"சாயங்காலம்னு சொல்லு."

"இதுல என்னா சாரே யோசிக்க? சாயாவுல விஷம். சாயா வாங்கி வந்தது மச்சினன் கிரீஷ். முந்தின நாள் ரெண்டு பேருக்கும் தெரு கேக்க வழக்கும் சண்டையும். பின்னே?"

"சாயாவுல விஷமே இல்ல, ஜினு!"

ஜினு போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கிட்டே வந்தான்.

"லேப்லேந்து காலைல சொன்னாவ. விஷம் இருந்தது துருக்கலர் டப்பாவுல. என்னமோ ஒரு பேரு சொன்னாவ. எனக்கு வாயில நுழையல."

"செத்தவர் வாயில எப்படி நுழைஞ்சு?"

"பிரஷ் வழியா! நுனி கூர்மையா வரணும்னு இந்தக் கார் பண்ணுறவிய எல்லாரும் அடிக்கடி பிரஷ்ஷை நாக்குல வச்சு இழுப்பாவ. கெடுதல்னு தெரியும். ஆனா கை கேக்காது. அந்தப் பழக்கம் தெரிஞ்ச ஆள்தான் டப்பாவுல விஷத்தைக் கலந்திருக்கான்."

"அய்யோ! அப்போ ஆராக்கும்?"

"ரெண்டு பேருதான். ஒண்ணு, கூட உக்காந்து கார் பண்ணுற மச்சினன் கிரீஷ். இன்னொண்ணு, ஆரியசாலை மிளகு வியாபாரி ஹரிகுமார். அவரும் கார் பண்ணுவாரு, கண்காட்சிப் பரிசுல எப்பவும் செத்தவருக்குப் பின்னாலதான். வெளிய எல்லாரும் இப்பவும் சாயாவுல விஷம்னுதான் நெனைக்காவ, கேட்டியா? டப்பாவையும் பிரஷ்ஷையும் மாத்தியாச்சு. இது புதுசு. ரெண்டு பேர் கையிலயும் குடுப்போம். கொன்னவன் கை வாய்க்குப் போகாது!"

"சூப்பர் சாரே!"

கோலப்பன் சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டுமே.

வாசலில் நிழல் ஆடியது.

திவ்யலட்சுமி! செத்தவரின் மனைவி. நாற்பதுதான் வயது. கண்ணுக்குக் கீழே கருவளையம் அதற்கு மேல் சொன்னது.

"சார்... எனக்க தம்பி ஒரு எறும்பக்கூட மிதிக்க மாட்டான். அவனுக்கு ரெண்டு பிள்ளைய. அவன உள்ள போட்டா அதுக தெருவுலதான் நிக்கணும். விட்டுருங்க சார்!"

"இன்னைக்குத் தெரிஞ்சுரும்மா. இங்கயே நில்லுங்க."

கிரீஷையும் ஹரிகுமாரையும் ஜினு அழைத்து வந்தான். கிரீஷ் தாடியும் கசங்கிய சட்டையுமாக, ஸ்டேஷன் பெஞ்சிலிருந்து அப்படியே எழுந்து வந்த கோலம். ஹரிகுமார் மேல் ஏலக்காய் வாசனை. அவர் கண் நேரே அம்பாசடருக்குத்தான் போனது.

"பாவி! மழைத்தண்ணி எப்படி ஒழுகுமோ அப்படியே துருவ ஒழுக விட்டிருக்கான் பாருங்க சாரே! எனக்கு ஜென்மத்துக்கும் இது வராது."

பொறாமையா, துக்கமா? கோலப்பனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை கண்காட்சிக்கு இத வைக்கணும்னு அம்மாவுக்கு ஆசை," என்று கோலப்பன் கூசாமல் புளுகினார். "அவருக்க டப்பா, அவருக்க பிரஷ். ஆளுக்கொரு கதவ முடிச்சுக் குடுங்க. மொதல்ல ஹரி."

ஹரிகுமார் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கினார். பிரஷ்ஷைத் துருவில் தொட்டார்.

ஜினு எட்டிப் பார்த்தான்.

பிரஷ் மேலே எழுந்தது... உதட்டருகே வந்தது...

சர்ரென்று நாக்கில் இழுத்தார்! ஒரு கோடு போட்டார். மறுபடியும் நாக்கு. மறுபடியும் ஒரு கோடு.

கோலப்பன் கிரீஷ் பக்கம் திரும்பினார். இவர் இல்லை. அப்படியானால்...

"கிரீஷ், நீங்க."

கிரீஷ் பிரஷ்ஷை வாங்கினான். துருவில் தொட்டான். வாயருகே கொண்டுபோனான்.

நிறுத்தினான்!

ஜினு இடுப்பில் தொங்கிய கைவிலங்கைத் தொட்டான். முடிந்தது கதை என்று நினைத்தான்.

"அத்தானுக்க பிரஷ் சார் இது," என்றான் கிரீஷ். "ஒருத்தரையும் தொட விட மாட்டாரு. என்னோட சண்டையே அதுக்குத்தான்..."

கண்ணைத் துடைத்தான். பிரஷ்ஷை நாக்குக்குக் கொண்டுபோனான்.

"வேண்டாம்ல மக்கா! வாயில வைக்காத!"

வீடே அதிர்ந்தது! வாசலில் நின்ற திவ்யலட்சுமி ஒரே பாய்ச்சலில் வந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். பிரஷ் சுவரில் அடித்து விழுந்தது.

ஜினு குனிந்து அதை எடுத்தான்.

கோலப்பன் மெதுவாகக் கேட்டார்.

"விஷம் சாயாவுலன்னுதானேம்மா எல்லாருக்கும் சொல்லியிருந்தோம்?"

திவ்யலட்சுமி தம்பி பக்கம் திரும்பினாள். தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து உதட்டைப் பார்த்தாள். துருக்கலர் எதுவும் ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா... நீயா?"

"சண்ட போட்டுட்டு மறுநாளே நீ சாயாவோட வருவேன்னு எனக்குத் தெரியாதுல மக்கா. விசாரிச்சு விட்டுருவாவன்னு நெனச்சேன். விடல."

"ஏம்மா இப்படி?" என்றார் கோலப்பன்.

"பெட்ரூம ஷோரூம் ஆக்கணுமாம் சார். கண்ணாடி அலமாரிக்கு அளவு எடுத்தாச்சு. நீ நாகர்கோவிலுக்கு உனக்க ஊருக்கே போயிருன்னாரு. கார் எங்க நிக்கணும்னு பாத்தாரு, நான் எங்க படுக்கணும்னு பாக்கல."

மேஜைமேல் இருந்த அம்பாசடரைப் பார்த்தாள்.

"புதுக் காரைப் பழசாக்க ஆறு மாசம் உக்காருவாரு. என்னப் பழசாக்க அவருக்கு அவ்வளவு நேரம் வேண்டியிருக்கல."

கிரீஷ் அவள் மடியில் தலையை வைத்துக் குலுங்கி அழுதான். அவள் அழவில்லை. அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பெண் போலீஸ் வரச்சொல்லிக் கோலப்பன் ஜினுவுக்குச் சைகை காட்டினார். கேஸ் முடிந்தால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தார். முழங்கால் வலிதான் வந்தது.

மூலையில் ஹரிகுமார் வேட்டி நுனியால் நாக்கைத் துடைத்துத் துடைத்து, துணியையே தின்றுவிடுவார் போலிருந்தது.

"பயப்படாதிய ஹரி. அது வெறும் கலர்தான்."

"கலருக்குப் பயமில்ல சாரே!" ஹரிகுமார் விரலால் திவ்யலட்சுமியைக் காட்டினார். "இந்த அக்கா என்னையும் வாய் நெறயத் தம்பி தம்பின்னுதான் கூப்பிடுவாவ. நான் ரெண்டுவாட்டி நக்குனேன்... ஒரு சத்தத்தையும் காணலியே!"

கோலப்பன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அதுக்கெல்லாம் கூடப் பொறந்திருக்கணும் ஹரி!"