வலது பக்கத்துக் கோடுகள்

பெரியம்மா வீட்டு அழைப்புமணி வேலை செய்யவில்லை. தட்டித் தட்டி என் கைதான் சிவந்தது. பக்கத்தில் என் மகள் குட்டி கால் மாற்றி மாற்றி நின்றாள்.

போன வாரம் பள்ளி மைதானத்தில் ஓடும்போது மயங்கி விழுந்தாள். "உங்க குடும்பத்துல சின்ன வயசுல திடீர்னு யாராவது இறந்திருக்காங்களா? தெரிஞ்சா எதைத் தேடணும்னு எனக்குப் புரியும்," என்றார் இதய மருத்துவர்.

எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவும் பெரியப்பாவும் வீட்டுப் பாகத்துக்காகச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியபோது எனக்கு நடக்கவே தெரியாது. இப்போது இருவருமே இல்லை. அத்தையைக் கேட்டால் சித்தப்பாவைக் கை காட்டினார். சித்தப்பா தன் எண்ணையே மாற்றிவிட்டார். பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா முறை, என் குரலைக் கேட்டதுமே போனை வைத்துவிட்டாள். நல்ல சொந்தம்.

கதவு ஒருவழியாகத் திறந்தது. உள்ளே போய் நான் கேட்டதும் பெரியம்மாவின் முகம் இறுகியது.

"அப்படி யாரும் இல்ல. எனக்கு ஒரே பொண்ணு. அவளும் நல்லாத்தான் இருக்கா."

"பெரியம்மா, என் பொண்ணு உயிர் விஷயம்."

"இல்லன்னா இல்லதான்."

எரிச்சலில் எனக்குத் தலை வெடித்தது. மதிய வெயில் வாசலோடு நின்றுவிட்டிருந்தது. உள்ளே பெயின்ட் வாசனை. உள்ளறைக் கதவின் நிலைக்கு மட்டும் திரும்பத் திரும்பப் பூசியிருந்தார்கள். அப்படியும் கீறல்கள் மறையவில்லை. குழந்தைகளை நிறுத்தி உயரம் அளந்த கோடுகள். இடது பக்கத்தில் அவை என் தலை வரை ஏறின.

வலது பக்கத்தில், என் நெஞ்சுக்குக் கீழேயே நின்றுபோயிருந்தன.

ஒரே பொண்ணாம்.

"இது யாரோடது?"

புழுதியும் வியர்வையும் கலந்த வாடை எங்கிருந்தோ வந்தது. பின்னால் யாருக்கோ மூச்சு வாங்கியது. குட்டிக்குத்தான் மறுபடி ஏதோ ஆகிவிட்டதென்று பதறித் திரும்பினேன்.

அவள் வலது நிலையில் முதுகை ஒட்டி, குதிகால் சேர்த்து, மூச்சை அடக்கி நின்றிருந்தாள்.

மூச்சிரைப்பு மட்டும் நிற்கவில்லை.

"குட்டி, அங்க என்ன பண்ற?"

"நேரா நிக்கச் சொன்னான்."

"யாரு?"

"இந்த அண்ணன். தலையில கை வச்சிருக்கான் பாரும்மா."

அவள் உச்சியில் முடி அழுந்திக் கிடந்தது. கடைசிக் கோட்டை எட்ட அவள் தலைக்கு இன்னும் ஒரு விரல் இடைவெளிதான்.

பெரியம்மா பாய்ந்து அவளை இழுத்தார். "விடுடா கண்ணா," என்றார், யாருமில்லாத இடத்தைப் பார்த்து. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஓடி விளையாடிட்டு வந்தான். தண்ணி கேட்டான். நான் கொண்டு வர்றதுக்குள்ள போயிட்டான். வெளிய தெரிஞ்சா அவன் அக்காவை யாரு கட்டிக்குவா? அதான் பேச்சே எடுக்கல."

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன எனக்கு. ஒரு பிள்ளையையே பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள்.

மருத்துவருக்கு அந்தத் தகவல் போதுமாக இருந்தது. பரிசோதனையில் காரணம் பிடிபட்டது. மாத்திரை கொடுத்து, இனிப் பயப்பட வேண்டாம் என்றார். நானும் நம்பினேன்.

இன்று காலை எங்கள் வாடகை வீட்டின் கதவு நிலையில் ஒரு கோடு இருந்தது. அழுத்தித் துடைத்தேன். துணியை அலசிவிட்டு வந்தால் மறுபடி இருந்தது.

குட்டியைக் கூப்பிட்டு அங்கே நிறுத்தினேன்.

அவள் தலைக்கும் கோட்டுக்கும் நடுவில் என் விரல் சரியாக நுழைந்தது.