மூன்றாவது மணி அடித்தது யார்?

பிற்பகல் மூன்றரை. சலவைச் சட்டையும் சவர சாமான்களும் இருந்த பையோடு அவள் மாடிப்படி ஏறி வந்தபோது, தெருப்பக்க அறையின் கதவு விரியத் திறந்து கிடந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத்தான் அவள் கணவர் கண்ணை மூடுவார். திறந்திருந்தால் யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள் என்பது அவர் பயம்.

இன்று யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. துப்புரவு செய்யும் பெண் அவர் கால்களை நேராக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அவர் கண்களை மூடிவிட்டு, சுவரோரம் போய் நின்று அழுதாள். ஆக்ஸிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதிலிருந்து கழன்ற குழாய் தரையில் கிடந்தது. அழைப்புப் பொத்தான் போர்வை மடிப்பில் புதைந்திருந்தது.

சிறிய மருத்துவ இல்லம் அது. படுத்த படுக்கையானவர்களுக்கு மாடியில் இரண்டே அறைகள். ஒன்று தெருவைப் பார்க்கும், மற்றது தோட்டத்தைப் பார்க்கும். நடுக்கூடத்தில் நர்ஸின் மேசையும் ஒரு கணினியும். இரண்டு கட்டில்களிலிருந்தும் பொத்தானின் வயர் சுவர்த் துளை வழியாக வந்து கணினியில் செருகியிருக்கும். அழுத்தினால் மணி அடிக்கும். எந்த அறை என்று திரையில் ஒளிரும்.

"தூக்கத்துலயே போயிட்டாரும்மா," என்றார் மேனேஜர், குரலைத் தாழ்த்தி. "ஒரு கஷ்டமும் படலை. மணிகூட அடிக்கலை. புண்ணியவான்."

"மணி அடிச்சுது சார்," என்றாள் நர்ஸ் அழுகைக்கு நடுவே. "மூணு தடவை அடிச்சுது. ஆனா மூணும் தோட்டத்து ரூம்னுதான் காட்டிச்சு."

மேனேஜர் நர்ஸ் பக்கம் திரும்பவே இல்லை.

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வயதில் சின்னவர், தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"யார் முதல்ல பாத்தது?"

"நான்தான் சார். மூணேகாலுக்கு மாத்திரை கொடுக்கப் போனேன்."

"குழாய் எப்படிக் கழண்டுச்சு?"

"தெரியலை சார். இருமும்போது இழுத்திருப்பாரு."

"அதுவரைக்கும் எங்க இருந்தே?"

"மேசையிலதான் சார்."

"இவ சொல்றதை நம்பாதீங்க," என்று மேனேஜர் குறுக்கிட்டார். "நான் கீழே ஆபீஸ்ல இருந்தேன். கத்தற சத்தம் கேட்டு ஓடி வந்து, இந்த மேசைகிட்ட நின்னுதான் உங்களுக்குப் போன் பண்ணினேன். பொத்தான் ஒழுங்கா வேலை செய்யுது. நீங்களே பாருங்க."

அவர் தெருப்பக்க அறைப் பொத்தானை அழுத்தினார். மணி அடித்தது. திரையில் 'தெருப்பக்க அறை' என்று வந்தது. தோட்டத்து அறையில் போய் அழுத்தினார். 'தோட்டத்து அறை' என்று வந்தது.

"மிஷின்ல கோளாறு இல்லை சார். கோளாறு ஆள்கிட்ட. மேசையில ஆளே இருந்திருக்காது. இப்ப மூணு தடவை அடிச்சுது, முப்பது தடவை அடிச்சுதுன்னு கதை."

இன்ஸ்பெக்டர் நர்ஸைப் பார்த்தார். "ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடும்மா. வீட்டுல சொல்லிடு, வர நேரமாகும்னு."

நர்ஸ் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள அவளுக்கு அப்போது தெம்பில்லை. அவர் தூக்கத்தில் போய்விட்டார் என்ற ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். அதை விட்டால் கையில் வேறொன்றும் இல்லை.

ஆனால் கண் சும்மா இருக்கவில்லை. நேற்றுவரை ஜன்னலோரம் இருந்த மேசை இன்று எதிர்ச் சுவரோடு கிடந்தது. கணினியின் பின்னால் இரண்டு வயர்கள், ஒரே நிறம், ஒரே கனம், பக்கத்துப் பக்கத்துத் துளைகளில். அவள் வேலை பார்த்த காலமெல்லாம் இந்தத் துளைகளோடுதான் கழிந்தது. வெளியிலிருந்து செருகும் கருவி பேசுவதைக் கணினிக்குப் புரிய வைக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதுவதுதான் அவள் உத்தியோகம். "என் பொண்டாட்டி பெரிய டிரைவர். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இனி அதைச் சொல்ல ஆள் இல்லை.

"ஒரு நிமிஷம் தம்பி," என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டுத் தோட்டத்து அறைக்குள் போனாள்.

உள்ளே பாட்டு டீச்சர் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர். அவருடைய பொத்தான் கட்டிலில் இல்லை. சுவரில் ஆளுயரத்துக்கு மேல், ஓர் ஆணியில் தொங்கியது.

"உங்க வீட்டுக்காரரா?" என்றார் டீச்சர். "கேட்டேன். எல்லாம் கேட்டேன். வாம்மா, உக்காரு."

"நீங்க மணி அடிச்சீங்களா டீச்சர்?"

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? அடிக்கலை. மறந்துட்டேன்கறாங்க. மறதி உண்டு, இல்லேங்கலை. காலைல என்ன சாப்பிட்டேன்னு கேளு, தெரியாது. காது அப்படி இல்லைம்மா. உடம்புல பாக்கி எல்லாம் ரிட்டயர் ஆயிடுச்சு, அது இன்னும் டியூட்டில இருக்கு."

"காதுக்கு என்ன கேட்டுச்சு?"

"சிஸ்டர் கத்தினா. எல்லாரும் அங்க ஓடினாங்க. அப்புறம் கூடத்துல சின்னதா ஒரு சத்தம். சுரம் மேலேருந்து கீழே இறங்கற மாதிரி ரெண்டு தடவை. உடனே, கீழேருந்து மேலே ஏறற மாதிரி ரெண்டு தடவை. காலைல மேசையை நகர்த்தினாங்களே, அப்பவும் இதேதான். இறக்கம் ரெண்டு, ஏத்தம் ரெண்டு."

அவள் எழுந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர் தூக்கத்தில் போனவராகவே இருந்துவிடுவார். அந்த நர்ஸ் பெண் மட்டும் ஜீப்பில் ஏறுவாள்.

கூடத்துக்கு வந்தாள்.

"சிஸ்டர், டீச்சரோட பொத்தானை ஆணியில மாட்டினது யாரு?"

நர்ஸ் தலையைக் குனிந்தாள். "நான்தான். முதல் மணிக்குப் போனேன், 'நான் அடிக்கலை'ன்னாங்க. ரெண்டாவது மணிக்கும் போனேன். அதையே சொன்னாங்க. கோவம் வந்து பிடுங்கி மாட்டிட்டேன்."

"மூணாவது மணி எப்ப அடிச்சுது?"

"அதுக்கப்புறம். நான் எந்திரிக்கலை. 'இந்தம்மாவுக்கு வேற வேலையில்லை'ன்னு இங்கேருந்தே நிறுத்திட்டேன்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். முகம் வெளுத்தது. "அய்யோ."

"ஆணியில தொங்கற பொத்தானை, எழுந்திரிக்க முடியாதவங்க எப்படி அழுத்துவாங்க?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மேசைமேல் வைத்தார். "அப்ப அழுத்தினது யாரும்மா?"

"இருக்கறது ரெண்டே பொத்தான், தம்பி."

மேனேஜர் சிரித்தார். "அதான் கண்ணு முன்னாடி அழுத்திக் காட்டினேனே! துக்கத்துல அம்மா குழம்பிட்டாங்க."

"கருவியைச் செருகினதும் கம்ப்யூட்டர் முதல்ல 'நீ யாரு?'ன்னு கேக்கும்," என்று அவள் இன்ஸ்பெக்டரிடம் மட்டும் பேசினாள். "அது, தன்னைச் செஞ்ச கம்பெனி எது, என்ன மாடல்னு சொல்லும். அதை வச்சு அதுக்கேத்த டிரைவரை கம்ப்யூட்டர் கூப்பிடும். நல்ல கருவியா இருந்தா தனக்குன்னு ஒரு நம்பரும் சொல்லும். இது மலிவு சரக்கு, ரெண்டும் ஒரே பதிலைத்தான் சொல்லுது. ஒரே சட்டை போட்ட இரட்டைப் பிள்ளைங்க மாதிரி. வாத்தியார் என்ன பண்ணுவாரு? எந்த இடத்துல உக்காந்திருக்குன்னு பாத்துப் பேர் சொல்லுவாரு. இந்தத் துளையில இருந்தா தெருப்பக்கம், அந்தத் துளையில இருந்தா தோட்டம். பிள்ளைங்க இடம் மாறி உக்காந்தா?"

பதிலுக்குக் காத்திராமல் குனிந்து இரண்டு வயர்களையும் உருவினாள். கணினியிலிருந்து இறங்கும் ஒலி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. இடம் மாற்றிச் செருகினாள். ஏறும் ஒலி, இரண்டு.

"இதேதான்!" என்று தோட்டத்து அறையிலிருந்து டீச்சரின் குரல் வந்தது. "இதேதாம்மா, சத்தியமா!"

"இப்ப அவர் கட்டில்ல இருக்கறதை அழுத்துங்க, தம்பி."

இன்ஸ்பெக்டர் தெருப்பக்க அறைக்குள் போனார். மணி அடித்தது. திரையில் 'தோட்டத்து அறை' என்று ஒளிர்ந்தது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மேசையை நகர்த்தினது யாரு?" உள்ளிருந்து வந்துகொண்டே கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"மேனேஜர் சார்தான்," என்றாள் துப்புரவுப் பெண். "வெயில் கண்ணு கூசுதுன்னு காலைல இழுத்துப் போட்டாரு. வயரையும் அவரேதான் மாட்டினாரு."

"நீ துடைக்கும்போது இழுத்திருப்பே!" என்று சீறினார் மேனேஜர்.

"நல்லா இருக்கே கதை! சிஸ்டர் கத்தினதுலேருந்து நான் ஐயா காலைப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். அம்மாவே பாத்தாங்க."

"அவ சொல்றது சரி," என்றாள் அவள். "காலைல மாத்திச் செருகினது தெரியாம நடந்த தப்பு. யாருக்கும் வரும். ஆனா கத்தினதுக்கு அப்புறம் அதைச் சரியா மாத்தி வச்ச கை, தெரிஞ்சே மாத்தின கை. இவங்க ரெண்டு பேரும் உள்ளே இருந்தாங்க. டீச்சரால எந்திரிக்க முடியாது. மேசைகிட்ட நின்னது போன் பண்ணின நீங்க ஒருத்தர்தான். 'ரெண்டு தடவை தோட்டத்து ரூமுக்குப் போனேனே'ன்னு இந்தப் பொண்ணு கத்தியிருப்பா. உங்களுக்கு உடனே புரிஞ்சிருக்கும்."

மேனேஜர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "லைசன்ஸ் போயிடும்மா," என்றார். "இடத்தை மூடிடுவாங்க. போன உயிர் எப்படியும் திரும்பாது. அதான்..."

"எழுந்திருங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

படியில் இறங்கும் முன் அவர் அவளிடம் வந்தார். "தப்பா நினைக்காதீங்க. தூக்கத்துல போயிட்டாருன்னே விட்டிருக்கலாம். உங்களுக்கு அது நிம்மதியா இருந்திருக்கும்."

"இந்தப் பொண்ணுக்கு?" என்றாள்.

அவர் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

நர்ஸ் அங்கேயே நின்றாள். "மூணாவது தடவை நான் எந்திரிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தாள். பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பழி சொல்லவும் வரவில்லை. "போய் முகத்தைக் கழுவு," என்றாள்.

பிறகு தெருப்பக்க அறைக்குள் போய், நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கை இன்னும் முழுக்கச் சில்லிட்டிருக்கவில்லை. அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, காதருகே குனிந்தாள்.

"கூப்பிட்டீங்களாமே," என்றாள். "என்ன வேணும்?"