கயிறு மச்சான் கையில்!

"பொ... பொணம்!"

சுனைக்குள்ளிருந்து மேலே வந்த தலை, மூச்சு விடுவதற்கு முன்னால் அலறியது!

பனைகளில் உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிப் போயின.

கரையில் கயிற்றைப் பிடித்திருந்த கிளாட்வின் பதறி இழுத்தான். மனுவேல் பாறைமேல் வந்து தொப்பென்று விழுந்தான். இடுப்பில் கயிறு. கண்ணில் ரப்பர் வைத்த முங்கு கண்ணாடி. உதடு வெளுத்துக் கிடந்தது.

"உள்ள... குகைக்குள்ள... ஒரு பொம்பளை நிக்காலே! சேலை கட்டிட்டு நிக்கா! என்னையே பாக்கா!"

"சேசு மரி சூசை!" சிலுவை போட்டுக்கொண்டாள் பேபி.

மந்திரமூர்த்தி மட்டும் பதறவில்லை.

"நான் அப்பவே சொன்னேம்லா? பேய்ச்சுனைன்னு சும்மாவா பேரு வச்சிருக்கு? கேட்டியளா? வாங்க... வேன்ல ஏறுங்க, கெளம்புவோம்!"

யார் இந்த நாலு பேர்?

சொல்கிறேன். பிணம் எங்கேயும் ஓடிவிடாது.

அது 1976. ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்த கையோடு தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டு, சாயர்புரம் தாண்டி, செம்மணல் தேரிக்குள் வேன் சக்கரம் மூன்று தரம் புதைந்து, நாலாவது தரம் எல்லோரும் இறங்கித் தள்ளி... வந்து சேர்ந்த இடம் இந்தச் சுனை. மேலே பார்த்தால் சின்னக் குளம். அடியில் சுண்ணாம்புப் பாறை. பாறையில் ஒரு ஆள் நுழைகிற ஓட்டை. அந்த ஓட்டைக்குள் தண்ணீர்க் குகை!

மனுவேல், சங்கு குளிக்கிறவன். கடலுக்கு அடியில் அவனுக்குப் பயமே கிடையாது. தரையில் ஒரே ஒரு பயம். கிளாட்வின்!

கிளாட்வின், துறைமுகத்தில் கப்பல் கம்பெனி கிளார்க். மனுவேலோடு ஒரே தெருவில் கோலி விளையாடி வளர்ந்தவன். போன வாரம் வரைக்கும் உயிர் சிநேகிதன். போன வாரம்தான் மனுவேலும் தன் தங்கை பேபியும் கோயிலுக்குப் பின்னால் நின்று சிரித்துப் பேசுவதைப் பார்த்துத் தொலைத்தான்.

"என் தங்கச்சியக் கப்பல் ஆபீசருக்குக் குடுப்பேன்லே! சங்கு பொறுக்குதவனுக்குக் குடுக்க மாட்டேன்! இன்னொரு தரம் அவகிட்ட பேசுன... தண்ணியில அமுக்கிருவேன்!"

தெருவே கேட்டது.

பேபி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்கிற வேலை என்பதால், வீட்டில் அவள்தான் பேசுவாள்.

மந்திரமூர்த்தி மூவருக்கும் சிநேகிதன். பஜாரில் பெரிய ஜவுளிக்கடைக்காரரின் மகன். இந்தப் பனந்தோட்டமும் சுனையும் அவர்களுடையவை. குகைக்குள் முங்க வேண்டும் என்று மனுவேல் மாசக்கணக்கில் நச்சரித்தான். மந்திரமூர்த்தி ஒவ்வொரு தரமும் பேய் என்று சொல்லித் தட்டிக் கழித்தான். கடைசியில் இவர்களே வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்!

சண்டைக்காரர்கள் சேர்ந்தா வந்தார்கள் என்று கேட்காதீர்கள். பேபி வறுத்த சீலா மீனும் ஒரு டின் மக்ரூனும் வேனில் இருந்தன. எந்தச் சண்டையும் அதற்கு முன்னால் நிற்காது.

காலையில், முதல் முங்குக்கு முன்னாலேயே ஒரு தகராறு.

"கயிறை யார் பிடிக்கது?" என்று கேட்டான் மந்திரமூர்த்தி. "குளிக்கிறவன் கயிறை மச்சான் கையிலதான் குடுப்பான்னு சொல்லுவாகளே?"

"ஆமா. பொண்டாட்டி கூடப்பொறந்தவன்தான் பிடிக்கணும். தங்கச்சி தாலியறுக்க எவன் விடுவான்? அதான் எங்க வழக்கம்."

"உனக்குத்தான் கல்யாணமே ஆவலையே. கடல்ல யார் பிடிக்கா?"

"எங்கண்ணன். எங்கப்பாவுக்குச் சொத்து இல்ல... அதனால இதுவரைக்கும் ஒழுங்கா இழுத்து விட்டுருக்கான்!"

பேபி சிரித்தாள். கிளாட்வின் முறைத்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மனுவேல் கயிற்று நுனியைக் கிளாட்வின் முன்னால் நீட்டினான்.

"நீயே பிடி."

"நான் உனக்கு மச்சான் இல்லலே! ஆவவும் மாட்டேன்!"

"பரவால்ல, பிடி. ஆனா கவனம். கடல்லன்னா உப்புத் தண்ணி தூக்கி விடும். இது நல்ல தண்ணி, தூக்காது. உள்ள கும்மிருட்டு. கயிறு போச்சுன்னா வாசல் எங்கன இருக்குன்னே தெரியாது. நான் வெட்டி இழுத்தா நீ இழுக்கணும். இழுக்கலைன்னா..."

"இழுக்கலைன்னா?"

"உனக்கு நிம்மதி."

கிளாட்வின் கயிற்றை வெடுக்கென்று பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டான்.

அப்படி முங்கியவன்தான் இப்போது பிணம் என்று அலறிக்கொண்டு வந்திருக்கிறான்!

"போலீசு, கேசுன்னு நம்ம பேரு நாறிரும்," என்றான் மந்திரமூர்த்தி. "நாம ஒண்ணையும் பாக்கல. கெளம்புங்க!"

மனுவேல் மறுத்துத் தலையை ஆட்டினான்.

"முடியாது மூர்த்தி. தண்ணிக்குள்ள பொணத்தைக் கண்டுட்டு விட்டுட்டு வந்தேன்னா எங்க ஆளுக என்னைத் தெருவுக்குள்ளயே சேக்க மாட்டாக. யாரா இருந்தாலும் கரைக்குக் கொண்டாந்து மண்ணு போடணும்."

மந்திரமூர்த்தியின் முகம் சுருங்கியது. பிணத்தைக் கண்டால் மனிதன் ஓடுவான் என்றுதான் அவன் நினைத்திருந்தான். முங்கி எடுக்கிற கூட்டம் ஒன்று இருப்பது அவன் கணக்கில் வரவில்லை.

சைக்கிள் ட்யூபுக்குள் திணித்து வாயைக் கட்டிய டார்ச்சை மறுபடியும் எடுத்துக்கொண்டான் மனுவேல். காலைக் கல்லில் வைத்தான். மாதாவைக் கும்பிட்டான்.

குபுக்!

கயிறு ஓடியது... நின்றது... வெட்டி இழுத்தது!

கிளாட்வின் இழுத்தான். மனுவேல் மேலே வந்தான். கண்ணை மூடிக்கொண்டு கையில் இருந்ததைக் கரையில் வீசினான்.

அது நேராகப் பேபியின் மடியில் போய் விழுந்தது.

ஒரு கை!

தோளோடு பிய்ந்த கை!

"ஐயோ...!" என்று அலற வாயைத் திறந்தவள் பாதியில் நிறுத்தினாள். கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல திருகாணி இருக்கு..."

"என்னது?"

"மரக் கை! ஏண்ணே, இந்தக் கையை எனக்குத் தெரியும்! சுண்டுவிரல் உடைஞ்ச கை! மூர்த்தி அண்ணன் கடை வாசல்ல நின்ன பொம்மையோட கை! ரோஸ் கலர் நைலக்ஸ் சேலை கட்டியிருந்துச்சே, டூட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத்தான பாத்துட்டுப் போவேன்!"

மனுவேல் ஒரு கண்ணைத் திறந்தான். "ரோஸ் கலர்தான்!"

மந்திரமூர்த்திக்கு வியர்த்தது. "க... கடையில வேலை பாக்கவனுவ பழைய பொம்மையத் தூக்கி இங்கன போட்டுருப்பானுவ..."

"போடல மூர்த்தி. காலுல கல்லைக் கட்டி நிறுத்தியிருக்கு. அவளுக்குப் பின்னால தகரப்பெட்டியா அடுக்கியிருக்கு! இரு, ஒண்ணைத் தூக்கிட்டு வாரேன்!"

"ஏலே, வேண்டாம்...!"

குபுக்!

மனுவேலுக்குத் தண்ணீருக்கு அடியில் மூளை நன்றாக வேலை செய்யும். மேலே கொஞ்சம் மெதுவாகத்தான்.

கிளாட்வினுக்குப் பசி. இரண்டு கையிலும் கயிறு.

"ஏளா, வாயில ஏதாவது போடுளா."

பேபி டின்னைத் திறந்து இரண்டு மக்ரூனை ஒன்றாக அவன் வாயில் திணித்தாள். நிமிர்ந்தாள்.

உறைந்தாள்!

மந்திரமூர்த்தியின் கையில் அரிவாள்! பனையேறிகள் கரையோரக் குடிசையில் செருகி வைத்திருந்த, பாளை சீவுகிற அரிவாள்!

"கிளாட்வின்... கயிறை விடு."

"மூர்த்தி அண்ணே! என்ன இது?"

"ஏளா, நீ சும்மா இரு! பெட்டி மேல வந்தா நான் உள்ள போயிருவேன். பூரா கடத்துன ஃபாரின் வாட்ச். எமர்ஜென்சி நேரம்... வெளிய வரவே முடியாது! அதுக்குத்தான் அந்தப் பொம்மையக் காவலுக்கு நிறுத்துனேன். இந்தக் கிறுக்குப்பய பொணத்துக்கு மண்ணு போட வாரான்!"

கயிறு வெட்டி இழுத்தது.

கிளாட்வின் அசையவில்லை. மந்திரமூர்த்தியையே வெறித்துப் பார்த்தான்.

"யோசிச்சுப் பாருலே," மந்திரமூர்த்தியின் குரல் குழைந்தது. "நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். கையை லேசா விடு, போதும். தண்ணியில அமுக்கிருவேன்னு நீதான தெருவுல கத்துன? உன் தங்கச்சி பிரச்சினையும் தீரும், என் பெட்டி பிரச்சினையும் தீரும். பேபி வாயத் திறக்க மாட்டா. திறந்தா அண்ணன்லா கொலைகாரன்!"

கயிறு மறுபடி வெட்டியது. பலமாக!

கிளாட்வின் பேசவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை!

பேபி அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். சிவந்திருந்தது. கண் பிதுங்கியிருந்தது. விட்டுவிடுவானோ? நிஜமாகவே விட்டுவிடுவானோ? உள்ளே மனுவேலின் மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது...

"அண்ணே!" வீறிட்டாள். "விட்டுராதண்ணே! எங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டு!"

மந்திரமூர்த்தியே அவள் பக்கம் திரும்பினான்.

"போன மாசமே... ரெஜிஸ்டர் ஆபீஸ்ல... அவுக உனக்கு மாப்பிள்ளைண்ணே! நீ கயிறு பிடிச்ச மச்சான்! நீ விட்டா நான் தாலியறுத்துட்டு நிப்பேன்!"

கிளாட்வினின் வாயிலிருந்து ஒரு வெடி வெடித்தது. வெள்ளைத் தூள் பறந்தது!

"ஓலை வாசிக்காம எப்படிளா கல்யாணம்?!"

அரிவாள் கழுத்துக்கு நேரே இருக்கிறது. ஒருவன் தண்ணீருக்குள் செத்துக்கொண்டிருக்கிறான். இவனுக்கு, மூன்று வாரம் கோயிலில் பெயர் வாசிக்காமல் கல்யாணம் நடந்த கவலை!

ஆனால் கைகள்? அவை வாயைக் கேட்கவில்லை. இழுத்தன... இழுத்தன... கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு வந்தது.

"சொன்னா கேக்க மாட்டியா!" மந்திரமூர்த்தி கயிற்றை வெட்ட அரிவாளை ஓங்கினான்.

டமார்!

ஓங்கியவனின் பிடரியில் ஒரு கை விழுந்தது.

மரக் கை!

"எங்க அண்ணன் மேலயா அருவா ஓங்குத?" பேபி பொம்மைக் கையை இரண்டு கையாலும் பிடித்து இன்னொரு தரம் சாத்தினாள். டமார்!

அரிவாள் மணலில். மந்திரமூர்த்தி சுனையில்!

சொந்தச் சுனைதான். நீச்சல்தான் தெரியாது.

அதே நேரம் மனுவேலின் தலை தண்ணீருக்கு மேலே வந்தது. ஒரு கக்கத்தில் தகரப்பெட்டி. மூச்சை இழுத்துவிட்டுத் திரும்பினால்... எதிரே ஒரு தலை முழுகி முழுகி எழுந்தது.

"ஏலே, இங்கன இன்னொரு பொம்மை கெடக்கு!" என்று முடியைப் பிடித்துத் தூக்கினான்.

பொம்மை, "காப்பாத்துங்க!" என்றது.

சாயர்புரம் போலீஸ் ஸ்டேஷன்.

மனுவேலின் கயிற்றால் கட்டப்பட்ட மந்திரமூர்த்தி ஒரு மூலையில் தும்மிக்கொண்டிருந்தான். சப்-இன்ஸ்பெக்டர் சொரிமுத்து பெட்டியைத் திறந்தார். வாட்ச்... வாட்ச்... வாட்ச்! ஒன்றைக் காதில் வைத்தார்.

"வாட்டர்புரூஃப்னு போட்டிருக்கு. ஒண்ணும் ஓடலையே?"

"என்கிட்டயும் அப்படித்தான் சொல்லி ஏமாத்திட்டானுவ சார்," என்று அழுதான் மந்திரமூர்த்தி.

சொரிமுத்து பேபி பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல சார்."

கிளாட்வின் நாற்காலியிலிருந்து எழுந்தான்!

"ஏளா! ரெஜிஸ்டர் ஆபீசுன்னு சொன்ன?"

"பொய்ண்ணே."

"பொய்யா?" என்றான் மனுவேல் ஏமாற்றமாக. அவனுக்கு விஷயத்தை வேனில் வரும்போதுதான் சொல்லியிருந்தார்கள். நமக்குத் தெரியாமலே நடந்திருக்கும்போல என்று பாதி நம்பிவிட்டான், பாவம்.

"பின்ன என்ன செய்ய?" பேபியின் கண் நிறைந்தது. "கயிறு வெட்டி வெட்டி இழுக்கு... நீ கல்லு மாதிரி நிக்க! வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னியாண்ணே? நீ விட்டுருவன்னு நெனச்சுட்டேன்..."

"நான் விடுவேனாளா? கோலி விளையாடுன காலத்துலருந்து கூட இருக்கவன நான் விடுவேனா?"

"அப்ப ஏன் வாயத் திறக்கல?"

"நீதான வாய் நெறைய மக்ரூனைத் திணிச்ச! அது தொண்டையில சிக்கி மூச்சே வரல! உள்ள அவன் சாவுதான், வெளிய நான் சாவுதேன்!"

தோல் உரிந்த உள்ளங்கைகளை அவன் நீட்டினான். அதைப் பார்த்த மனுவேலுக்குத் தொண்டை அடைத்தது. மக்ரூன் சாப்பிடாமலேயே!

சொரிமுத்து மேசையைத் தட்டினார்.

"அழுகையெல்லாம் பொறவு. குகைக்குள்ள இன்னும் பெட்டி இருக்குல்லா? எஸ்.பி. ஐயா வாரதுக்குள்ள எல்லாம் மேல வரணும். நாளைக்கே முங்குதீரா?"

மனுவேலின் மூளை, முதல் தடவையாகத் தரையிலும் வேகமாக வேலை செய்தது.

"முங்குதேன் சார். ஆனா கயிறு பிடிக்க மச்சான் வேணும். அது எங்க வழக்கம். எனக்குக் கல்யாணம் ஆவலையே?"

சொரிமுத்து பெட்டியைப் பார்த்தார். பேபியைப் பார்த்தார். கடைசியில் லத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளாட்வினைப் பார்த்தார்.

"ஏம்ப்பா... கல்யாணத்த எப்ப வச்சிருக்கீரு?"

கிளாட்வின் தங்கையை முறைத்தான். மனுவேலை முறைத்தான். பெருமூச்சு விட்டான்.

"வார ஞாயித்துக்கிழமையே ஓலை வாசிக்கச் சொல்லுதேன் சார்... ஆனா கல்யாணம் முடியுத வரைக்கும் இந்தப் பய வாளித் தண்ணியில கூட முங்கக் கூடாது! மச்சான் ஆவுத வரைக்கும் என்மேல எனக்கே நம்பிக்கை இல்ல!"