கீழே விட்ட இடம்

"இது என் படம் இல்ல."

பிரேம் கடை மேஜையில் இருந்ததைப் பார்த்ததும் அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வெளியே மழை அப்போதுதான் பிடித்திருந்தது.

"நான் குடுத்தது பூச்சாடிப் படம். நீங்க அதைச் சுத்தியிருந்த காகிதத்துக்குப் போய் பிரேம் போட்டு வச்சிருக்கீங்க."

கடைக்காரன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். மறுபடி அங்கேயே செருகினான். புருவமெல்லாம் மரத்தூள்... அதற்குக் கீழே தூக்கம் கலையாத குழந்தை மாதிரி இரண்டு கண்கள். இந்த நேரத்தில் அதையெல்லாம் ஏன் பார்க்கிறோம் என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

"பூச்சாடிதான் சுத்துன காகிதம்னு நெனச்சேன் டீச்சர்... காலண்டர்ல கிழிச்ச மாதிரி இருந்துச்சு."

காலண்டரைப் பார்த்துத்தான் வரைந்திருந்தாள். உண்மை என்பதால் இன்னும் சுட்டது.

போன வருடம் வரை கரும்பலகையில் வெறும் கையாலேயே வட்டம் போட்டுப் பிள்ளைகளிடம் கைதட்டல் வாங்கிய கணக்கு டீச்சர் அவள். கட்டிக்குக் கொடுத்த மருந்து, கட்டியோடு சேர்த்து விரல் நுனியின் உணர்வையும் கொண்டுபோய்விட்டது. கையில் இருந்த சாக்பீஸ் எப்போது விழுந்தது என்றுகூடத் தெரியாது. "பிரஷைப் பிடிங்க, தினம் ஒரு கோடு போடுங்க" என்றாள் ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுத்த பெண். பெரிய தாள் ஒன்றில் தினம் ஒரு கோடு, அதன் பிறகுதான் படம். பேச்சுத்துணைக்கு ஆளில்லாத சாயங்காலங்களைத் தள்ள அது ஒன்றுதான் அவளுக்கு இருந்தது. இரவானால் அக்கா போன் பண்ணுவாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, வியாதியைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதே, நாளைக்கு உனக்கு வரன் பாக்கணும்... எல்லாம் ஒரே மூச்சில் வரும்.

அந்தக் கோட்டுத் தாள்தான் இப்போது கண்ணாடிக்குள் இருந்தது.

"தப்புதான்" என்றான் அவன். "ஆனா நேத்துலேர்ந்து இதையேதான் பாத்துட்டிருந்தேன். மேல கோடெல்லாம் தள்ளாடுது. வர வர நிமிருது. நடுவுல இங்க மட்டும் வெறும் இடம்... என்ன ஆச்சு?"

பதினோரு நாள். காய்ச்சலில் பிரஷைத் தூக்க முடியாமல் கிடந்த நாட்கள். கணக்கு டீச்சர் இல்லையா, நாளுக்கு ஒரு கோட்டுக்கான இடம் விட்டுத்தான் மறுபடி தொடங்கினாள். இத்தனை மாதத்தில் அதை யாரும் கேட்டதில்லை. கேட்க யார் இருந்தார்கள்?

"உடம்பு சரியில்ல" என்று வாய் தவறி வந்துவிட்டது.

அவன் பார்வை அவள் தலையில் கட்டியிருந்த துணிக்குப் போனது. உடனே கீழே இறங்கியது. அவளுக்கு அது போதும்.

"பாவம் பாக்க வேணாம். கீழ சும்மா கெடக்குற வெள்ளைத்தாளை வெட்டக்கூடத் தெரியல... நீங்கல்லாம் ஒரு பிரேம்காரரு."

பிரேமை அக்குளில் இடுக்கிக்கொண்டு மழையில் இறங்கினாள். "டீச்சர்... பூச்சாடி..." என்ற குரல் தெரு முனை வரை வந்தது. அவள் திரும்பவில்லை.

சுவரில் ஆணி அடிக்கக் கையில் வலு இல்லை. பிரேமைத் தரையில் சாய்த்து வைத்தாள். ஐந்து நாள் எதுவும் வரையவில்லை.

ஆறாம் நாள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். "ஒண்ணும் இல்லம்மா, சுத்தமா இருக்கு. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். வராந்தாவுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டாள். வேறு அழைப்பில் இருந்தாள். மறுபடி கூப்பிட்டாலும் அதேதான். கெட்ட செய்தி என்றால் எப்படித் தாங்குவது என்று பல நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல ஆளில்லாமல் நிற்பதற்கு ஒத்திகை பார்க்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோடுகளைப் பார்க்கப் பிடிக்காமல் பிரேமைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். பின்னட்டையை ஆணி அடித்து மூடியிருக்கவில்லை. விரலால் திருப்பினால் திறக்கிற நாலு சின்னத் தகடுகள்தான் இருந்தன. அட்டையில் பென்சில் எழுத்து...

'இன்னும் கோடு வரும்ல? கீழ இடம் விட்டிருக்கேன். கழட்டி, கோடு போட்டுட்டு மூடிக்கலாம்.'

அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எழுதியது. நோய் என்று தெரியாமல் எழுதியது. அப்படியானால் அது பரிதாபம் இல்லை.

தகடுகளைத் திருப்பித் தாளை எடுத்தாள். ஐந்து கோட்டுக்கான இடம் விட்டு ஒரு கோடு போட்டாள். கொஞ்சம் நடுங்கியது, பரவாயில்லை. ஈரம் காயும்வரைகூடப் பொறுக்க முடியவில்லை அவளுக்கு.

தாளைப் பிரேமில் போட்டு எடுத்துக்கொண்டு தூறலோடு கடைக்குள் நுழைந்தபோது, பூச்சாடி நல்ல பிரேமுக்குள் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"காலண்டர் படத்தை எதுக்கு மாட்டியிருக்கீங்க?"

"நீங்க திரும்பி வர்றதுக்கு ஒரு சாக்கு வேணுமே..."

சிரிக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். வாயில் வேறு வந்தது. "எனக்குப் புத்துநோய் இருந்துச்சு. இன்னிக்கு ரிசல்ட்... ஒண்ணும் இல்லையாம். உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மரத்தூள்" என்றான்.

"திரும்ப வரலாம்" என்றாள் அவள். "மறுபடி வெறும் இடம் விழலாம். இப்பவே சொல்லிடுறேன்."

அவன் பிரேமை வாங்கி, புதிதாகப் போட்ட கோட்டையும் அதற்கு மேலே இருந்த ஐந்து நாள் வெறுமையையும் பார்த்தான்.

"அந்த மாதிரி நாள்ல... பக்கத்துல நான் உக்காந்திருக்கலாமா? உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு டீச்சர்."

இத்தனை நாள் தனியாக இருந்தது எவ்வளவு வலித்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"உக்காரலாம்" என்றாள். "எனக்கும்தான்..."

கைப்பையில் போன் அடித்தது. அக்கா.

"அக்கா, ரெண்டு சேதி இருக்கு. ரெண்டும் நல்லதுதான்... இல்லக்கா, மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. அவருக்கு எல்லாம் தெரியும்."